இல்லாத கொட்டகைக்கு வரி: ஐந்து மாதம் அலைந்த கதை

2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றியபோது எங்கள் வீட்டு வரி அரையாண்டுக்கு 1,120 ரூபாயிலிருந்து 1,960 ஆனது. வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், பாலாற்றங்கரையில் ஒரு நகராட்சி எங்களுடையது. அப்பா தோல் ஷாப்பில் உழைத்துக் கட்டிய வீடு. அவர் போன பிறகு அம்மா பீடி சுற்றுகிறார், நான் ஷூ கம்பெனிக்குப் போகிறேன்.

வரி ஏறியது எல்லாருக்கும்தான். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 50 சதவீதம், எங்களுக்கு 75. அவர் வீடும் எங்கள் வீடும் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்பது அந்த உயர்வின் கணக்கு. எங்கள் வரி விதிப்பில் பரப்பு 1,236 என்று இருந்தது. வெறும் 36 சதுர அடியில் அடுத்த படிக்குத் தள்ளப்பட்டிருந்தோம்.

அன்று ராத்திரியே டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அம்மா வாசல்படியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நீளம் 38 அடி, அகலம் 30. பெருக்கினால் 1,140. மீதி 96 எங்கே என்று பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பின்னாடி கொட்டாயி இருந்துச்சே கண்ணு, அதுவா இருக்கும்" என்றார் அம்மா. அப்பா மாடு கட்டப் போட்ட ஓட்டுக் கொட்டகை, 12-க்கு 8. 2021 நவம்பர் மழையில், பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய அந்த வாரத்தில், சுவர் ஊறி விழுந்துவிட்டது. ஓட்டைக்கூட அள்ளிப் போட்டாயிற்று. பதிவேட்டில் மட்டும் அது நின்றுகொண்டிருந்தது. விழுந்ததை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

முதல் தடவை போனபோது பில் கலெக்டர் வெளியே போயிருந்தார். இரண்டாம் தடவை வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு, இனிமே மாத்த முடியாது" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்! மூன்றாம் தடவை ஆணையர் பெயருக்கு மனு எழுதி, பத்திர நகல், பழைய வரி ரசீது, கரண்ட் பில், கையால் வரைந்த அளவுப் படம், கொட்டகை இருந்த இடத்தின் போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு பிரதி. ஒன்றில் சீல் வைத்துத் தேதி போட்டுக் கொடுக்கும் வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு என் பேச்சை விட அந்த சீல்தான் வேலை செய்தது.

அளக்க ஆள் வந்தது நான்காம் மாதம். நான் டியூட்டியில் இருந்தேன். அம்மாவே பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். கொட்டகை இருந்த இடத்தில் அப்போது முருங்கை வைத்திருந்தோம்.

இதற்கு நடுவில் வரியைக் கட்டாமல் விடவில்லை. 1,960-ஐ முழுசாகக் கட்டிவிட்டு, மனு நிலுவையில் உள்ளது என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். 50 சதவீதக் கணக்கில் 1,680 என்று திருத்தம் வந்ததும், கூடுதலாகக் கட்டிய 280-ஐ அடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள்.

280 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று என் சித்தப்பாவே கேட்டார். அம்மாவுக்கு அது ஒரு நாள் பீடிக் கூலிக்கு மேல். அதுவும் ஒரு தடவையோடு போகிற பணம் இல்லை. பிறகு வரியை ஏற்றும்போதெல்லாம் அந்தத் தப்பான தொகையின் மேல்தான் ஏறியிருக்கும்.

உங்கள் வரி விதிப்பில் பரப்பு எத்தனை சதுர அடி என்று இருக்கிறது? 600, 1,200, 1,800 என்ற கோட்டைக் கொஞ்சமாகத் தாண்டியிருந்தால் முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். வீட்டில் எதையாவது இடித்திருந்தால் அந்த வாரமே எழுதிக் கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள். நாங்கள் இப்போது ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டிவிடுகிறோம், 5 சதவீதம் குறைகிறது. சீல் வைத்த அந்த மனுப் பிரதி பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.