இருபது நாள்

"இந்த இருபது நாள் எனக்கா மேடம், சென்டருக்கா?"

2018-இல் ஒரு சாயங்காலம், எங்கள் பயிற்சி மையத்திலிருந்து வேலைக்குப் போயிருந்த ஒரு பெண் போனில் கேட்டது. "உனக்குத்தாம்மா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சொன்னது சரியா தப்பா என்பதைவிட, அப்படி யோசிக்காமல் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட அவளுக்கு ஏதோ புரிந்திருக்கும். எனக்கும் புரிந்திருக்கும்.

தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் திட்டத்தில், அதாவது டி.டி.யு.ஜி.கே.ஒய்.யில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இருபது நாளை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் திட்டம். அப்போதைய விதிப்படி, பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேராவது வேலையில் இருக்க வேண்டும். வேலை என்றால், மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளத்தில் தொடர்ந்து மூன்று மாதம். சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ காட்டினால்தான் அது 'பிளேஸ்மென்ட்'. எண்பது நாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள், கணக்கில் வேலைக்கே போகாதவள்.

அவளுக்கு அன்று எழுபதாவது நாள்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண். காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டிருந்தோம். விடுதியில் இருந்த காலமெல்லாம் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். பிளேஸ்மென்ட், ட்ராக்கிங் இரண்டையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை போன் செய்வதும் என் பொறுப்பு. அப்போதெல்லாம் அக்கா, சாப்பாடு பரவால்லக்கா, நைட் ஷிஃப்ட் போட்டாங்கக்கா என்று பேசியவள், அன்று தானாகவே கூப்பிட்டு, "மேடம், நான் ஊருக்குப் போகணும்" என்றாள். அந்த 'மேடம்' என் காதில் விழுந்தது. ஆனால் நான் நின்று கேட்கவில்லை.

"எத்தன நாளாச்சு தெரியுமா உனக்கு?"

"தெரியல மேடம்."

"எழுபது. இன்னும் இருபது நாள்தான். அதுக்கப்புறம் நீ எங்க வேணாலும் போ, நான் கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். பிறகு அந்தக் கேள்வி. பிறகு என் பதில். பிறகு "சரி மேடம்." போன் வைத்துவிட்டாள். மொத்தமே இரண்டு நிமிஷம் இருக்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் பெயர் திரையில் தெரிந்ததுமே, பேசுவதற்கு முன்பே, என் கை ட்ராக்கிங் நோட்டைத் திறந்துவிட்டது. எழுபது என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் "சொல்லும்மா" என்றேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அந்த அழைப்பு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதம் முடித்தால் கையில் மூன்று சம்பளச் சீட்டு இருக்கும், பி.எஃப். கணக்கில் மூன்று மாதப் பணம் இருக்கும். அடுத்த இடத்தில் "முன்னாடி எங்க வேலை பார்த்த?" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும். அதோடு திட்டமே மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தந்தது. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வேறு மாநிலம் என்றால் ஆறு மாதம். தூரம் போனால் கஷ்டம் கூடும் என்று வழிகாட்டி நெறிமுறையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்றாவது ஆயிரமும் அவளுடையதுதானே?

ஆனால் போன் பேசிய அந்த நேரத்தில் இதில் எதுவும் என் மனதில் இல்லை. மனதில் இருந்தது 25. அந்த பேட்சில் 35 பேர், 70 சதவீதம் என்றால் 25 பேர். உறுதியாக இருந்தது 24. சதவீதம் திட்டம் முழுமைக்கும்தான் பார்ப்பார்கள் என்றாலும், நாங்கள் பேட்ச் வாரியாகத்தான் எழுதி வைத்திருந்தோம். அவள்தான் இருபத்தைந்தாவது.

அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி நிறுவனத்துக்கு வரும் பணம் 25, 50, 15, 10 சதவீதம் என்று நான்கு தவணை. தவணை நகர வேண்டுமென்றால் பிளேஸ்மென்ட் கணக்கு காட்ட வேண்டும். அது தள்ளிப்போனால் முதலில் அடிபடுவது விடுதி மளிகைக் கடன், அடுத்தது வார்டன் அம்மா சம்பளம். அந்த மாதம் அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கணவர் இல்லாதவர். அவரும் கிராமத்து ஏழைதான், ஆனால் எந்தக் கணக்கிலும் வராதவர். அவரை நினைத்துத்தான் அந்தப் பெண்ணைப் பிடித்துவைத்தேன் என்று சொன்னால், அதிலும் பாதிதான் உண்மை. அடுத்த பேட்சுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசி, பெற்றோரைச் சமாதானம் செய்து வைத்திருந்த முப்பது பிள்ளைகளையும் நினைத்தேன். மேலாளர் முகத்தையும் நினைத்தேன். எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

விதியைக் குறை சொல்லிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. காரணம் என் சொந்த அனுபவம். பள்ளி முடித்த வருஷம் நானும் ஒரு இலவசத் தையல் பயிற்சிக்குப் போனேன். ஆறு மாதம். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மெஷின் வாங்கினாளா, தைக்கிறாளா, உயிரோடுதான் இருக்கிறாளா என்று கேட்க யாருமில்லை. அந்தச் சான்றிதழ் இன்றும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதனால் 2014-இல் இந்தத் திட்டம் வந்து, 'வேலைக்குப் போய் மூன்று மாதம் நின்றால்தான் முழுப் பணம்' என்றபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கடைசியில் யாரோ ஒருவர் கணக்குக் கேட்கிறார் என்று தோன்றியது. இன்றும் அதை நம்புகிறேன். தொண்ணூறாவது நாள் வரை அந்தப் பிள்ளையைப் பற்றி யோசிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் திட்டம் அது. அந்த ஒருவர் அன்று நான்.

அவளுடைய அம்மா அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சேர்க்கைக்கு வந்தபோது வேலை அட்டையைத்தான் கொண்டுவந்து காட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். கேட்டால் பதினைந்து நாளுக்குள் வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று நாடாளுமன்றம் எழுதிக்கொடுத்தது. நடைமுறையில் என்ன ஆனாலும், 'எனக்கு வேலை கொடு' என்று கேட்க அந்த அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலை வேண்டாம் என்றால் போகாமலும் இருக்கலாம். போகாததற்கு யாரும் போன் செய்து காரணம் கேட்க மாட்டார்கள். மகளுக்குக் கிடைத்தது சட்டமில்லை, திட்டம். வழிகாட்டி நெறிமுறை, தவணை, இலக்கு. அதில் கடமை முழுக்க எங்களுக்கு. பிள்ளைக்கு என்று உரிமை ஏதும் எழுதியிருப்பதாக நினைவில்லை. 'எனக்கு இந்த வேலை சரியில்லை, வேறு பார்த்துக் கொடுங்கள்' என்று அவள் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பாள்? என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்கத்தான் கூப்பிட்டாளோ என்னவோ.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை என்கிறது. நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கும் பிள்ளையைத் தொழிலாளி இல்லை என்று சொல்வதும் சட்டம்தான்.

அவள் இருபது நாளும் இருந்தாள். தொண்ணூறு தாண்டியது. மூன்றாவது சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் இல்லை. நான் 'வெரி குட் மா' என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை இப்போது படிக்க முடியவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டபோது எண் அணைந்திருந்தது. ஊருக்குப் போய்விட்டாள் என்று அறைத் தோழி சொன்னாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவள் ஏன் போக நினைத்தாள் என்று நான் கேட்கவே இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் 'எத்தனை நாள்' என்று கேட்டேன், 'ஏன்' என்று கேட்கவில்லை. பாதியில் நின்றவர்களுக்கு எங்கள் தாளில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. உடல்நிலை, குடும்பம், சம்பளம் போதவில்லை, கல்யாணம் என்று ஏதாவது எழுதுவோம். அவள் பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் காலி. மூன்று மாதம் முடித்தவளிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஃபைல் அடுக்கும்போதுதான் அந்த மூன்றாவது சீட்டைச் சரியாகப் பார்த்தேன். விடுப்பு பூஜ்யம். உடம்புக்கு முடியாமல் போக நினைத்தாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட அந்தச் சீட்டு இடம் கொடுக்கவில்லை. அம்மாவின் எண் பதிவேட்டில் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். முதலில் வேலை அதிகம் என்று விட்டேன், பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டேன்.

இன்னொரு திட்டமான பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தின் நான்காம் கட்டத்தில், பயிற்சிக்குப் பின் வேலைக் கணக்கை விடாமல் தொடரும் முறையை எடுத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். முந்தைய மூன்று கட்டங்களிலும் அந்தக் கணக்கு இருந்தது. இதைப் படித்தபோது முதலில் நெஞ்சு லேசானது. இனி என்னைப் போல ஒருத்தி நாளை எண்ணிக்கொண்டு போன் பேச வேண்டாம். அன்றிரவே கோபம் வந்தது. அப்படியானால் இனி யார் போன் செய்வார்கள்? திரும்பவும் டிரங்குப் பெட்டிதானா? இரண்டில் எது என் உண்மையான கருத்து என்று கேட்டால், கேட்கிற நாளைப் பொறுத்து மாறும்.

அவளுக்குப் பிறகு நான் பேசும் விதத்தை மாற்றிக்கொண்டேன். போக வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் நோட்டைத் திறக்காமல், முதலில் ஏன் என்று கேட்பேன். காரணம் சொல்லாவிட்டாலும், "சரி, உனக்கு எது நல்லதோ அதைச் செய்" என்பேன். அந்த வருஷம் எங்கள் சதவீதம் குறைந்தது, திட்டு வாங்கினேன், அதைப் பற்றி வருத்தமில்லை. அப்படி நான் அனுப்பிவைத்த பெண்களில் ஒருத்தி, ஐம்பதாவது நாளோ என்னவோ கிளம்பியவள், ஒன்றரை வருஷம் கழித்துக் கூப்பிட்டாள். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தாள். ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். பேசிக்கொண்டே வந்தவள் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த 'இரு'ன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்க்கா."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. புது பேட்ச் எப்போது தொடங்குகிறது என்று தேதி சொன்னேன் என்று நினைக்கிறேன்.