புகைப்புரையில் ஒரு மவுத்பீஸ் பட்டறை

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஸ்கூட்டரை எடுத்தால் 10 நிமிடத்தில் பாறசாலை, அதாவது கேரளா. வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் ரப்பர் மரங்கள். முன்பு ஷீட் உலர்த்திய புகைப்புரையில்தான் இப்போது நான் சாக்ஸபோன் மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி, செய்கிறேன். "நீ வாசிக்கிறவன்தானே, எப்படிடே இதுல வந்து மாட்டுன?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பதால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தப்பாவின் பேண்ட் செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தேன். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கினால் அப்புறம் கிறிஸ்துமஸ், எல்லைக்கு அந்தப் பக்கப் பெருநாள்கள், நடுவில் கல்யாணம், துக்க வீடு என்று கோடை வரை ஓட்டம்தான். வாசிப்பு மோசமில்லை, ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போனால் கீச்சென்று ஒரு சத்தம். வீட்டில் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தின் கேசட்டைப் போட்டுக் கேட்பேன், அவர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார், எனக்கோ அதே இடத்தில் படிக்கட்டில் தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும். மவுத்பீஸில் கட்டி ஊதுகிற மெல்லிய நாணல் பட்டையை, அதாவது ரீடை, மாற்றினேன். கடன் வாங்கி சாக்ஸையே மாற்றினேன். கீச் போகவில்லை. சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "வாத்தியத்தைக் குறை சொல்லாதடே, உன் வாயைச் சரி பண்ணு" என்றார். பாதி சரி. வாயில் வைக்கிற பொருளைச் சரி பண்ண வேண்டியிருந்தது.

மவுத்பீஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ரீட் உட்காரும் தட்டையான இடம் டேபிள். அங்கிருந்து நுனி வரைக்கும் மவுத்பீஸின் இரண்டு ஓரமும் மெல்ல வளைந்து ரீடை விட்டு விலகும். நுனியில் ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் இருக்கிற இடைவெளி ஆல்டோவில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அதில் 0.1 கூடினாலே வாய் கண்டுபிடித்துவிடும். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளையவில்லை என்றால் ரீட் ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி மூடும், கீச் பெரும்பாலும் அதனால்தான். உள்ளே நுனியை ஒட்டிய மேல்தளம் உயர்ந்திருந்தால் சத்தம் கூர்மையாக வரும், அதற்குப் பின்னால் இருக்கும் அறை பெரிதானால் உருண்டு வரும். 1846-ல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய காலத்து மவுத்பீஸ்களில் அறை பெரியது, சத்தமும் சாந்தமானது. பிற்பாடு பெரிய டான்ஸ் பேண்டுகளில் டிரம்பெட்டுக்கு நடுவே காதில் விழ வேண்டும் என்ற நிலை வந்தபோது மேல்தளம் ஏறியது, அறை சுருங்கியது. செண்டைக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற எங்களுக்கு அந்த அவஸ்தை நன்றாகவே தெரியும்.

இதை அளக்க ஒரு கண்ணாடித் துண்டும், இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜும் போதும். மார்த்தாண்டத்தில் புல்லட் மெக்கானிக் ஒருவர் டேப்பெட் பார்க்க வைத்திருந்த கேஜை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். டேபிளைக் கண்ணாடிமேல் வைத்து, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை நுனிப் பக்கமாக நுழைத்தால் அது எங்கே போய் நிற்கிறது என்று இரண்டு ஓரத்திலும் பார்க்கலாம். என்னுடையதில் இடது ஓரம் வலதைவிட 1 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. இரண்டு சாயங்காலம், 600-ஆம் நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு, தேய்ப்பதும் அளப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த கல்யாணத்தில் மேல் ஷட்ஜம் பூப்போல வந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து அவருடைய டெனர் சாக்ஸ் மவுத்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் ஆரம்பம். 300 ரூபாய்க்குத் தேய்த்துக் கொடுத்தேன், மூன்று நான்கு பேண்ட் செட்டுகளில் பேச்சு பரவியது, தலைக்கு மேல் நம்பிக்கையும் வந்தது. அந்த நேரத்தில்தான் நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் தன் அப்பா வாசித்த பழைய எபோனைட் (இறுகிய ரப்பர்) மவுத்பீஸைக் கொண்டுவந்தார். அதன் நுனி விளிம்பைத் தாளாக்கி, கடைசியில் ஒரு ஓரத்தில் சில்லாக உடைத்தும்விட்டேன். உலோகமென்றால் பற்றவைத்தாவது பார்க்கலாம், இதில் போனது போனதுதான். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு சீசன் கூலியில் தவணையாகப் பணம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். யார் வந்தாலும் முதலில் வாசிக்கச் சொல்வேன், அவர் சொல்லும் குறையை அவர் வாய்மொழியிலேயே எழுதுவேன், பக்கத்தில் அளவு, தேய்த்த பிறகு அளவு, திரும்ப வந்து என்ன சொன்னார் என்பது. நம்ம ஆட்கள் "அடைக்குது" என்பார்கள். பாறசாலைக்கு அப்பால் "சவுண்டு வரணில்லா", அதாவது சத்தம் வரவில்லை, என்பார்கள். எழுத எழுதத்தான் தெரிந்தது, "அடைக்குது" என்றவர்களில் பாதிப்பேருக்கு நுனி இடைவெளி போதவில்லை, மீதிப்பேருக்கு டேபிள் கோணி ரீட் சரியாக உட்காரவில்லை. என் பிழைப்பு லேத்தில் இல்லை, அந்த நோட்டில் இருக்கிறது. நாகஸ்வரக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. அவர்கள் ரீடான திருவாவடுதுறை சீவாளி ஒரு கொத்து வாத்தியத்திலேயே தொங்கும், அன்றைக்கு எது பேசுகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

சொந்தமாகச் செய்யலாம் என்று தோன்றியபோது முதலில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். எபோனைட் என்பதே ரப்பர்தானே, பின்னால் இத்தனை மரம் நிற்கிறதே! 100 பங்கு ரப்பருக்கு 2, 3 பங்கு கந்தகம் என்றால் டயர் மாதிரி நெகிழும். 30, 40 பங்கு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தால் கொம்பு போல இறுகும். டயர் ரீட்ரெடிங் செய்யும் நண்பனைப் பிடித்து எங்கள் ஷீட்டையே வேகவைத்தோம். தெரு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அப்பா ஒரு வாரம் சிரித்தார். பேனா கடைகிறவர்களுக்கு எபோனைட் கம்பி விற்கும் இடத்தில் வாங்க ஆரம்பித்தேன், மார்த்தாண்டத்தில் ஒரு லேத் அண்ணன் துளை போட்டு வெளி உருவத்தைக் கடைந்து தருவார், மிச்சமெல்லாம் அரமும் உப்புத்தாளும் என் கையும். முதல் 12-ல் 9 குப்பைக்குப் போயின.

வெளிநாட்டிலும் இந்தத் தொழிலுக்கு வாசிக்கிறவர்கள்தான் நிறையப்பேர் வந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஓட்டோ லிங்க், ஆர்னால்ட் பிரில்ஹார்ட் இருவரும் சாக்ஸபோன்காரர்கள்தான். இன்றைய ஜோடிஜாஸ் கம்பெனியை ஆரம்பித்த ஜோடி எஸ்பினாவும் அப்படியே. அவர்கள் பொருளில் குறை சொல்ல எனக்கு வாய் வராது, விலையைக் கேட்டால் மட்டும் வாய் உலர்ந்துவிடும். அதோடு கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவருக்குத் தேவை வேறு. கமகத்துக்குக் கீழுதட்டைத் தளர்த்தி ஸ்வரத்தை இறக்க வேண்டும், உடனே ஏற்றவும் வேண்டும். நுனியைக் கொஞ்சம் திறந்து, வளைவை நீளமாக்கி, மெல்லிய ரீட் போட்டால் அது சுலபமாக வருகிறது என்பது என் அனுபவம். மங்களூர், உடுப்பிப் பக்கத்திலிருந்து வருகிற ஆர்டர் எல்லாம் இந்த மாதிரிதான்.

மாதம் 7, 8-க்கு மேல் முடிவதில்லை. பெருநாள் சீசனில் அதுவும் இல்லை, நானும் வாசிக்கப் போக வேண்டுமே. சித்தப்பாவுக்குப் புதிதாக ஒரு டெனர் மவுத்பீஸ் செய்து கொடுத்தேன், "நல்லாத்தான் இருக்கு" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பழையதைக் கொண்டுவருவார், மேலே பல் பதிந்து குழி விழுந்த இடத்தை அடைத்துத் தரச் சொல்வார். காசு கேட்டால் முறைப்பார்.