கையெழுத்துப் போடுகிறவன்

"துப்பாக்கியப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும் அண்ணே. ஆனா தோள்ல வச்சுச் சுடுறது நான்தானே?" என்று அந்தத் தம்பி கேட்டதும், "நீ சுடுறவன், நான் கையெழுத்துப் போடுறவன்" என்று நான் பதில் சொன்னதும் நடந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. பதில் சொல்லி முடிக்க இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு மலேசிய ராணுவத்தில் ஆர்மரராக எத்தனையோ ஆயுதங்களைப் பழுது பார்த்தேன், ஓய்வும் பெற்றேன், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலேயே வீடு வாங்கிக் குடியேறியும்விட்டேன். ஆயினும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மாலை நடை போகும்போது, காரணமே இல்லாமல், அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

விஷயம் சிறியது. போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த துப்பாக்கி சுடும் அணிக்கு ஒதுக்கப்பட்ட எம்4 ரைஃபிள்களில் ஒன்று பயிற்சியின்போது ஒரே வாரத்தில் இரண்டு முறை நின்றுபோயிற்று. முதல் முறை காலி உறை வெளியேறாமல் தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டின் வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. இரண்டாம் முறை போல்ட் முழுத் தூரமும் பின்னால் போகாமலே திரும்பியதால் அடுத்த தோட்டாவை எடுக்கவில்லை. அந்த ரைஃபிள்தான் தம்பியுடையது. அதே சமயம், செயல்விளக்கம் காட்ட வந்த வியாபாரி ஒருவர் பிஸ்டன் மாற்றுத் தொகுப்பு இரண்டை மாதிரிக்காக விட்டுச் சென்றிருந்தார். கேஸ் குழாயைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பிஸ்டனும் தள்ளுகோலும் பொருத்தி, போல்ட்டைச் சுமந்து ஓடும் கேரியரையும் மாற்றிவிட்டால், அதே ரைஃபிள் வேறொரு முறையில் இயங்கும். மேலதிகாரி அதைத் தடுக்கவும் இல்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. "சார்ஜன், நீங்க எழுதிக் கொடுங்க, அதன்படி செய்வோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஆக, முடிவு என் மேசைக்கு வந்தது.

ஆர்மரர் வேலையை அறியாதவர்களுக்காக இயக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எம்4உம் சேர்ந்த எம்16 குடும்பத்தில் தோட்டா வெடித்ததும் குழலின் மேல்பக்கத்துத் துளை வழியாகச் சிறிதளவு கேஸ் பிரிந்து, மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து, கேரியரின் தலைமேல் இருக்கும் கேஸ் கீ என்ற சிறு குழாய்க்குள் நுழைகிறது. பலர் நினைப்பதுபோல அது கேரியரை அடித்துத் தள்ளுவதில்லை. கேரியருக்குள்ளே, போல்ட்டின் வாலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் அது விரிகிறது. போல்ட்டே பிஸ்டனாகிறது, கேரியரே சிலிண்டராகிறது. இதை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் 1960இல் பெற்ற காப்புரிமையிலேயே, தம்முடையது வழக்கமான மோதல் முறை அன்று, விரியும் கேஸ் முறை என்று எழுதி வைத்திருக்கிறார். உலகம் கேட்கவில்லை, தவறான பெயரையே வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை வைத்தே அதைக் குறையும் சொல்கிறது. இந்த ஆதங்கம் எனக்கு அப்போதும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த முறையில் விசை குழலின் நேர்கோட்டிலேயே பின்னோக்கிச் செல்கிறது. பிஸ்டன் தொகுப்பைப் பொருத்தினால் தள்ளுகோல் கேரியரின் உச்சியில் தட்டுகிறது. உச்சியில் தட்டினால் வால் கீழே சாயும். சாய்ந்த வால், கேரியர் பின்னால் ஓடித் திரும்பும் பஃபர் குழாயின் உட்சுவரை ஒவ்வொரு தடவையும் உரசும். தொகுப்பு செய்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர், கேரியரின் அடியில் சறுக்குப் பட்டை வைத்துச் சமாளிக்கிறார்கள். இருந்தாலும் முன்பக்கம் எடை கூடும், சுடுபவனின் சமநிலை மாறும், உதிரிப்பாகத்துக்கு ஒரே கடையை நம்பியிருக்க வேண்டும், கிடங்கில் இருக்கும் மற்ற ரைஃபிள்களோடு பாகங்கள் ஒத்துப்போகா. இவை எல்லாவற்றையும் நான் எழுதினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

தம்பி முட்டாள் அல்லன். லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துப் பையன், படித்துவிட்டு வந்துதான் பேசினான். கேஸ் உள்ளே வராவிட்டால் கரியும் உள்ளே வராது, போல்ட் சூடாகாது, எண்ணெய் காயாது என்றான். நார்வே ராணுவம் 2007இல் பிஸ்டனில் இயங்கும் எச்கே416 ரைஃபிளைத் தேர்ந்தெடுத்ததைச் சொன்னான். அது குழல், கேரியர், பஃபர் எல்லாம் சேர்த்துப் புதிதாகவே செய்த ரைஃபிள், பழையதில் ஒட்டுப்போட்டது அன்று என்று நான் மறுத்தேன். அப்போது அவன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆக் ரைஃபிளத் தொடைக்கும்போது நீங்கதான சொன்னீங்க, பிஸ்டன் எவ்வளவு சுத்தம்னு?" என்றான்.

சொன்னேன்தான். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக், நம் ராணுவம் பல்லாண்டு பயன்படுத்தியது, குறும் பிஸ்டனில் இயங்குவது. அதைத் துடைத்து முடித்து எம்16ஐக் கையில் எடுக்கும் நாள்களில் எவன்தான் அப்படிச் சொல்லாமல் இருப்பான்? போல்ட்டின் வாலில் படியும் கரியைச் சுரண்டிச் சுரண்டி நகம் கறுத்தவர்களுக்கு அது புரியும். ஆனால் துடைக்கும்போது புலம்புவது வேறு, ஆவணத்தில் பரிந்துரைப்பது வேறு. இதை அவனிடம் நான் பொறுமையாக விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. மாறாக, வியட்நாம் கதையை எடுத்தேன்.

அந்தக் கதை எனக்குப் பிடித்தமானது, சற்று அதிகமாகவே பிடித்தமானது என்று இப்போது தோன்றுகிறது. வியட்நாமில் எம்16 அடைபட்டு நின்று வீரர்கள் இறந்தபோது எல்லாரும் கேஸ் முறையைத்தான் பழித்தார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு விசாரித்தபோது வேறு விஷயங்கள் வெளிவந்தன: ரைஃபிள் எந்த வெடிமருந்தைக் கொண்டு வடிவமைக்கப்பட்டதோ அதை மாற்றி உருண்டைமணி மருந்தை நிரப்பியிருந்தார்கள், அதனால் சுடும் வேகம் ஏறியது, கரி கூடியது. தோட்டா அமரும் சேம்பரில் குரோமியப் பூச்சு இல்லாததால் அந்த ஈரக் காட்டில் துரு பிடித்தது. துடைக்கும் கருவிகளும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. ஜொகூரின் மழையும் அந்த மழைக்கு ஒன்றும் இளைத்ததில்லை, ஆகவே குற்றத்தை முறையில் தேடாதே, பராமரிப்பில் தேடு என்று முடித்தேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "பூச்சப் போட்டாங்க, பஃபர மாத்தினாங்க. அப்ப அவங்களும் எதையோ மாத்தித்தானே சரி பண்ணாங்க?" என்றான். அதற்குப் பிறகுதான் தோளும் கையெழுத்தும் வந்தன.

வாதத்தில் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் மாற்றியது நோய்க்கு மருந்து. அவன் கேட்டது உறுப்பு மாற்றம். எம்4இன் குழல் 14.5 அங்குலம், 20 அங்குலக் குழலுள்ள பழைய எம்16ஐவிட அதன் கேஸ் துளை சேம்பருக்கு அருகில் இருக்கிறது, ஆகவே கேஸ் சீக்கிரமாகவும் அதிக அழுத்தத்தோடும் வருகிறது, அதனால் காலி உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்குக் கூடுதல் சிரமம். இந்தக் குழந்தைக்கு இந்த வயிற்றுவலி வரும் என்று தெரிந்த பிறகு வயிற்றை அறுப்பானேன்?

பிறகு அந்த ரைஃபிளைக் கழற்றினேன். கேஸ் கீயைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று மிக இலேசாக அசைந்தது. அங்கே கேஸ் கசிந்தால் போல்ட் பாதி வழியில் திரும்பும். எக்ஸ்ட்ராக்டரின் வில் தளர்ந்திருந்தது. போல்ட்டை முன்னே இழுத்துவிட்டுக் கேரியரை அதன் முகத்தின்மேல் நிற்க வைக்கும் சோதனையில் கேரியர் தன் எடையிலேயே மெல்ல இறங்கியது. அதாவது போல்ட்டின் வாலைச் சுற்றிக் கேஸைக் கசியாமல் அடைக்கும் மூன்று கேஸ் வளையங்களும் தேய்ந்திருந்தன. இரண்டு கோளாறுகளுக்கும் மூன்று காரணங்கள் கையில் கிடைத்தன. எல்லாவற்றையும் மாற்றினேன், திருகாணிகளை இறுக்கி விளிம்பை உளியால் தட்டி அசையாமல் பூட்டினேன். அதற்குப் பின் பயிற்சியில் 600 தோட்டாக்கள் சுட்டான், ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் சொன்னது சரி என்று ஆயிற்று. அவனும் தலையை ஆட்டினான்.

போட்டியன்று, ஓடி வந்து படுத்துச் சுடும் சுற்றில், அவனுடைய ரைஃபிள் ஒருமுறை நின்றது. அவன் பழக்கப்படி மேகசினைத் தட்டி, போல்ட்டை இழுத்துவிட்டு, மீதியைச் சுட்டு முடித்தான்; இழந்த விநாடிகள் இழந்தவைதான். சிக்கிய தோட்டா எது, உறையா முழுத் தோட்டாவா, மேகசினின் உதடு வளைந்திருந்ததா என்று எதுவும் எனக்குத் தெரியாது. தரையில் கிடந்த நூற்றுக்கணக்கான உறைகளுக்குள் அது கலந்துவிட்டது. பிஸ்டன் போட்டிருந்தால் நிற்காமல் இருந்திருக்குமா? மேகசின் கோளாறாக இருந்தால் எந்த முறையும் காப்பாற்றியிருக்காது. கேஸ் கோளாறாக இருந்தால், ஒருவேளை. இந்த 'ஒருவேளை'யைத் தீர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லை. திரும்பி வந்த வண்டியில் அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் தயாராக இருந்தது.

ஆனால் என்னை உறுத்துவது அந்தத் தோட்டா அன்று. ஓய்வு பெறும்போது வீட்டுக்குக் கொண்டுவந்த என் சொந்தக் குறிப்பேட்டில், 'பரிந்துரைக்கப்படவில்லை' என்ற குறிப்பு ஒரு செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. ரைஃபிளைக் கழற்றிப் பார்த்த குறிப்பு வியாழக்கிழமையில் இருக்கிறது. பிஸ்டன் தொகுப்பின் பெட்டியையோ நான் திறந்ததாகக் குறிப்பே இல்லை. திறந்த நினைவும் இல்லை. என் காரணங்கள் அத்தனையும் சரி. அவற்றுள் ஒன்றுகூட நான் முடிவெடுத்ததற்குக் காரணம் அன்று. ஸ்டோனரின் முறையைத் தெரியாதவர்கள் பழிக்கிறார்கள் என்ற ஆதங்கமும், பொடியன் ஒருவன் எனக்கே பாடம் எடுக்கிறான் என்ற எரிச்சலும் செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டன. வியாழக்கிழமை நான் செய்தது சாட்சி தேடும் வேலை. சாட்சியும் கிடைத்தது. கிடைத்ததாலேயே, நான் தேடிய விதம் சரியாகிவிடுமா?

சரி, எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். முப்பது ஆண்டு ஒரு வேலையைச் செய்தவனுக்குக் காரணம் பின்னால் வருவது இயற்கை. மண்ணெண்ணெய் வாடையிலேயே இன்ஜினின் நோயைச் சொல்லும் ஃபிட்டர்களைத் தோட்டத்து ஆலையில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் தேதி கேட்பதில்லை. தொகுப்பைப் பொருத்திப் பரிசோதிக்க எனக்கு நேரமும் இல்லை, போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பழைய எஸ்எல்ஆர் ரைஃபிள் காலத்து மூத்தவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்: அதில் கேஸ் அளவைத் திருகிக் குறைக்கவும் கூட்டவும் வசதி உண்டு, ஆனால் திருகுவதற்கு முன் துடை. ஆனாலும் ஒரு ரைஃபிளில் பொருத்தி, நூறு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும். மூன்று வாரத்தில் ஒரு பிற்பகல் இல்லாமலா போயிற்று?

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சரிவிலுள்ள ஒரு வரிசை மரங்களுக்குப் பட்டை தேறவில்லை, கொஞ்சநாள் ஓய்வு விடுங்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒருமுறை கேட்டாராம். "வெட்டுறதுதான் ஒன் வேல, கணக்கு எழுதுறது நாங்க" என்று பதில் வந்ததாம். அப்பா இதை வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. நான் தம்பிக்குச் சொன்ன பதிலை எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியவில்லை. தெரிந்த அன்று இரவு வெகுநேரம் உறங்கவில்லை. இதில் ஒரு சங்கடம் உண்டு: அந்த மண்டோர் சொன்னது ஒருவேளை சரியாகவும் இருந்திருக்கலாம். மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அப்பாவே பின்னர் சொன்னார்.

சென்ற ஆண்டு ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் அவனைப் பார்த்தேன். சேவையை முடித்துவிட்டு, செம்பனைத் தோட்டம் ஒன்றில் காவலர்களுக்குப் பொறுப்பாளனாக இருக்கிறான். தலை நரைத்திருக்கிறது, இருந்தும் என்னைக் கண்டதும் எழுந்து நின்று "அண்ணே" என்றான். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், செம்பனைக் குலை திருட்டைப் பற்றிப் பேசினோம். பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, காவலர்களிடம் என்ன துப்பாக்கி என்று கேட்டேன்.

"பம்ப் கன்தான் அண்ணே" என்றான், காப்பியைக் கலக்கிக்கொண்டே. "கையால இழுத்து விடுறது. கேஸும் கெடையாது, பிஸ்டனும் கெடையாது."

ரொட்டிக்கு நான் காசு கொடுக்கப் போனபோது, அவன் ஏற்கெனவே கொடுத்திருந்தான்.