சொட்டு விழலையே

மயக்க மருந்து கொடுத்துக் குழந்தைகளுக்குப் பல் வேலை செய்கிற நாளுக்கு முந்தைய சாயங்காலம், எல்லா அம்மாக்களிடமும் நான் சொல்வது ஒரே வரிதான்: ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள். விதிப்படி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும்; பன்னிரண்டு என்பது எங்கள் சௌகரியம். நாலு வயதுப் பையனின் அம்மா ஒருவர்தான் மறுத்தார். "நாலு மணி நேரம் தாண்டினா இவனுக்கு சுகர் இறங்கிடும் மேடம், விடியற வரைக்கும்லாம் தாங்க மாட்டான்."

பையனுக்கு வான் கியர்க்கே நோய். ஈரல் உண்டியல் மாதிரி, சர்க்கரை உள்ளே போகும், அதைத் திரும்ப ரத்தத்தில் விடுகிற என்சைம் கிடையாது. அதனால் சூப்புக்குப் போடுகிற அதே கார்ன் ஃப்ளோரை, வேகவைக்காமல், இரவு பகல் பார்க்காமல் கரைத்துக் கொடுக்க வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, மாவு வெந்துவிட்டால் மெதுவாகச் செரிக்கும் குணம் போய்விடும். கைப்பையில் டப்பா, அளவுக் கரண்டி, ஃபோனில் அலாரம். இனிப்பே தொடாதவனுக்கு எப்படிப் பத்துப் பல் சொத்தை என்று நான் வேறு கேட்டுத் தொலைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மாவு குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு யார் பல் தேய்த்துவிடுவார்கள்?

வலியில் மாவைத் துப்ப ஆரம்பித்த பிறகுதான் பயந்துபோய் வந்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னாடியே அட்மிட் செய்து 10% குளுக்கோஸ் டிரிப் ஓடவிட்டோம். இந்த நோயில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது, சர்க்கரை சீராக இருந்தால் பல் பிடுங்கும்போது ரத்தம் கொஞ்சம் அடங்கும். மயக்க டாக்டர் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப் பாட்டில்களைத் தியேட்டரை விட்டே வெளியேற்றினார், சர்க்கரை உடைந்து வருகிற லாக்டேட் என்னும் அமிலப் பொருள் ஏற்கெனவே கூடிய உடம்பில் இன்னும் லாக்டேட்டா என்று. இவன்தான் முதல் கேஸ் என்று போர்டில் எழுதியாயிற்று.

காலையில் ஒரு எமர்ஜென்சி வந்தது, முதல் கேஸ் மூன்றாவது ஆனது. சரி, டிரிப்தான் ஓடுகிறதே என்று தியேட்டர் வாசலில் நான் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார், "மேடம், சொட்டு விழலையே."

வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வரும்போது யாரோ டிரிப் குழாயின் கிளாம்பை மூடியிருக்கிறார்கள், திறக்க மறந்துவிட்டார்கள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52, ரொம்பக் குறைவு. அவனோ என் ஐ.டி. கார்டுக் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்! வியர்வை இல்லை, சோர்வு இல்லை. இவர்களுக்கு மூளை லாக்டேட்டை எரித்துச் சமாளித்துக்கொள்வதுண்டு, முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மயக்கத்தில் போன பிறகு என்றால் கேட்கவே வேண்டாம், குளுக்கோமீட்டர் சொன்னால்தான் உண்டு.

மயக்க டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நானும் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில்தானே நின்றிருந்தேன்.

குளுக்கோஸ் ஏற்றி, 96 வந்த பிறகுதான் உள்ளே போனோம். நாலு பல் எடுத்தோம், ஆறு பல்லுக்கு ஸ்டீல் மூடி. பல் வேலையில் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றே முக்கால் மணி நேரம், நடுநடுவே விரல் குத்தல்.

அவன் கண் விழித்து அழுதுகொண்டிருந்தபோது அம்மாவின் ஃபோனில் அலாரம் அடித்தது. வாயால் குடித்துக் காட்டும் வரை டிரிப்பை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன், அவர் மாவைக் கலக்கினார்.