பதினாறு நிமிடங்களும் ஒரு தோள்பட்டையும்

வாசலில் அணு மருத்துவப் பிரிவு என்று எழுதியிருந்தாலும், வருபவர்கள் "தாலியம் ஸ்கேன் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று, கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் செலுத்திப் பார்க்கும் படம் அது. நாங்கள் தாலியத்தை விட்டு வெகுகாலமாகிறது. இப்போது செலுத்துவது டெக்னீசியம் சேர்ந்த மருந்து. 6 மணி நேரத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். பழைய பெயர் மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

உடலிலிருந்து வரும் அந்தக் கதிர்களைப் படமாக்குவது காமா கேமரா. நான் வேலை பழகிய கேமராவில் ஒரு படத்துக்கு 16 நிமிடங்கள் ஆகும். ஓய்வு நிலையில் ஒரு முறை, டிரெட்மில்லில் நடந்த பிறகு ஒரு முறை. இரண்டு முறையும் மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். இதய நோயோடு வருபவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சாதாரணம். அந்தக் கையைத் தூக்கியபடி கால் மணி நேரம் கிடப்பது எத்தனை வேதனை என்று, சேர்ந்த புதிதில் நான் யோசித்ததே இல்லை.

ஒரு பெரியவர் பத்தாவது நிமிடத்தில், "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "கொஞ்ச நேரம்தான் ஐயா, அசையாதீர்கள்" என்றேன். அவர் அசையவில்லை என்றே நம்பினேன். வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். மூலப் பதிவைப் பார்க்காமலேயே அவரை அனுப்பிவிட்டேன். மருத்துவர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வெவ்வேறு கோணங்களில் எடுத்த பதிவுகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் சைனோகிராமில் வழுவழுப்பாக வளைந்து போக வேண்டிய இதயத்தின் தடம் ஓரிடத்தில் படிக்கட்டு போல ஒடிந்து நின்றது. வலி தாங்காமல் தோளைச் சற்றே இறக்கியிருக்கிறார். உடம்போடு இதயமும் நகர்ந்திருக்கிறது. அந்தச் சிறு நகர்வு, இதயச் சுவரின் முன்பக்கமும் அடிப்பக்கமும் ரத்த ஓட்டம் குறைந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டது. அதை அப்படியே நம்பியிருந்தால் ஆஞ்சியோகிராம் வரை போயிருக்கும்.

கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைத் தேடிப்பிடித்தேன். தாலியம் போல இந்த மருந்து இடம் மாறிப் பரவுவதில்லை. இதயத் தசையிலேயே தங்குகிறது. அதனால் இன்னொரு ஊசி இல்லாமலே மறுபடி படம் எடுக்க முடிந்தது. இம்முறை முழங்கைக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்து, கையைத் துணிப்பட்டையால் தாங்கினேன். 'குறை' மறைந்துவிட்டது.

அவ்வளவு நேரம் எதற்கு என்பதற்குக் காரணம் கேமராவின் முகப்பிலுள்ள ஈயத் தட்டில் இருக்கிறது. கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிய, நுண்துளைகள் கொண்ட அந்தத் தட்டு வழியாக நேராக வருவதை மட்டுமே விடுகிறோம். உடலிலிருந்து புறப்படும் கதிர்கள் பத்தாயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் தப்பி வந்து பதிவாகும். படத்தின் புள்ளிப் பொரிச்சல் பாதியாகக் குறைய வேண்டுமானால் நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். ஆகவே காத்திருந்தோம், அதாவது, நோயாளியைக் காத்திருக்க வைத்தோம்.

பிறகு வந்த மென்பொருள், தட்டிலிருந்து தூரம் கூடக்கூடப் படம் எவ்வளவு மங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துப் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கட்டியது. நேரம் பாதியானது.

உண்மையான மாற்றம் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற குறைக்கடத்தியால் ஆன உணர்விகள் கொண்ட கேமராவோடு வந்தது. பழைய கேமராவில் கதிர் முதலில் படிகத்தில் ஒளியாகும், அந்த ஒளி குழாய்களில் மின்சாரமாகும். இதில் நேரடியாகவே மின்சாரம். உணர்விகள் எல்லாம் இதயத்தை மட்டுமே நோக்குகின்றன. எங்கள் கருவியில் நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையைக் கருவியின் மேல் சாய்த்து வைத்தால் போதும். மூன்று நான்கு நிமிடத்தில் எழுந்துவிடலாம். முதல் வாரம் ஓர் அம்மா, "முடிந்துவிட்டதா? சரியாக எடுத்தாயா, தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார்.

கிடைத்த ஆதாயம் முழுவதையும் வேகத்துக்கே செலவழிக்க எனக்கு மனமில்லை. மருத்துவரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் பேசி, மருந்தின் அளவை ஏறக்குறைய பாதியாக்கினோம். படம் எடுக்கும் நேரம் 6 நிமிடம். அடுத்த ஆண்டு திரும்பி வரக்கூடிய நாற்பது வயதுக்காரருக்கு அந்தப் பாதி முக்கியம். ஒரு நாளைக்கு இரண்டு பேர் கூடுதலாகப் பார்க்கலாம் என்ற வாதமும் எழுந்தது. நான் இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆனால் கருவிதான் வேகமானதே தவிர, கல்லீரல் பழைய வேகத்தில்தான் மருந்தை வெளியேற்றுகிறது. ஓய்வு நிலை ஊசிக்குப் பின் முக்கால் மணி நேரமாவது பொறுக்காவிட்டால், படத்தில் கல்லீரலும் குடலும் பளிச்சென்று ஒளிர்ந்து இதயத்தின் அடிச்சுவரை மறைத்துவிடும். டிரெட்மில்லிலிருந்து இறங்கியவரை மூச்சு வாங்கும்போதே உட்கார வைத்தால், மூச்சு அடங்க அடங்க உதரவிதானத்தோடு இதயமும் மெல்ல மேலே ஏறும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஐந்து நிமிட வேலைதானே என்று அவசரப்படுகிறார்கள். நான் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, நோயாளியைக் காத்திருப்பு அறைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

படம் முடிந்ததும் மூலப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பேன். அதுவரை மார்பில் ஒட்டிய ஈசிஜி பட்டைகளைக் கழற்ற விடுவதில்லை. தடம் எங்கும் ஒடியாமல் போயிருந்தால்தான், "எழுந்திருங்கள் ஐயா" என்கிறேன்.