இஷியாமா கோயிலில் முராசாகிக்கு ஒரு வேண்டுதல்

ஜப்பானின் பிவா ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு சேத்தா. அதன் கரையில், ஓத்சு நகரில் இருக்கிறது இஷியாமாதேரா என்ற பௌத்தக் கோயில். கியோத்தோவிலிருந்து ரயிலில் வந்து இஷியாமாவில் இறங்கி, சின்ன கேஹான் ரயிலுக்கு மாறினால் கோயில் பெயரிலேயே ஒரு நிலையம். அப்புறம் ஆற்றை ஒட்டி நடக்கும் தூரம்தான்.

கருணையே வடிவான போதிசத்துவர் கன்னோனுக்குரிய 33 தலங்களைச் சுற்றிவரும் சாய்கோகு யாத்திரையில் இது 13-ஆவது. உள்ளே படியேறியதும் முறுக்கிப் பிழிந்ததுபோல் எழும் பாறைகள். மேலே 1194-இல் கட்டிய ஈரடுக்குக் கோபுரம். மூலவர் நியோயிரின் கன்னோன், சிந்தாமணி ஏந்திய அவலோகிதர். இயற்கையான பாறையின் மேலேயே வீற்றிருக்கிறார். 33 ஆண்டுக்கு ஒருமுறையும், புதிய பேரரசர் பட்டமேற்பதை ஒட்டியும்தான் திருக்கதவு திறக்கும். மூடிய கதவின் முன் நின்று கும்பிட்டேன். அவர் அங்கே இருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹெயான் காலத்து அரண்மனைப் பெண்கள் இங்கே வந்து இரவு முழுக்கத் தங்கி வேண்டுவார்கள். ‘கெஞ்ஜி கதை’ என்ற பெரும் நாவலை எழுதிய முராசாகி ஷிகிபுவும் அப்படி வந்தவர்தான் என்கிறது ஐதீகம். மகாராணி ஷோஷி புதிய கதை ஒன்று கேட்க, 1004-ஆம் ஆண்டு எட்டாம் மாதப் பௌர்ணமியில் ஏரி நீரில் நிலவைப் பார்த்ததும் கதை பிறந்ததாம். கையில் வேறு தாள் இல்லாமல் பிரஜ்ஞாபாரமிதா சூத்திரச் சுருளின் பின்பக்கத்தில் எழுதினாராம். மூலவர் மண்டபத்தை ஒட்டிய ‘கெஞ்ஜி அறை’யில் அவர் எழுதிக்கொண்டிருப்பதுபோல் ஒரு உருவம் வைத்திருக்கிறார்கள். கதைக்குள்ளும் இந்தத் தலம் உண்டு: இளவரசன் கெஞ்ஜி இங்கே வேண்டுதலுக்கு வரும் வழியில்தான், ஒசாகா கணவாய்ச் சாவடியில், பழைய காதலி உத்சுசெமியின் வண்டியை எதிர்கொள்கிறான்.

ஆனால் 54 அத்தியாயங்களில் முராசாகியின் கையெழுத்தாக ஒரு தாள்கூட இன்று இல்லை. என்னை அந்த அறை முன் வெகுநேரம் நிறுத்தியது அதுதான். கதை பிழைத்தது படியெடுத்தவர்களின் கைகளால். கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா 1225-இல் தம் வீட்டில் முழுக் கதையையும் படியெடுக்கச் செய்து முடித்தார். மினாமோத்தோ நோ மித்சுயுகி தொடங்கிய இன்னொரு பிரதியை மகன் சிக்காயுகி 1255-இல் நிறைவேற்றினார். தெய்காவின் பிரதியிலும் நான்கு அத்தியாயங்களே மிஞ்சியதாக நினைத்திருந்தார்கள். 2019-இல் தோக்கியோவில் ஒரு வீட்டிலிருந்து ஐந்தாவது கிடைத்தது: கதையில் வரும் முராசாகி என்ற சிறுமியை கெஞ்ஜி முதன்முதலில் காணும் ‘வாகாமுராசாகி’! அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண் கலங்கியது.

கற்பனைக் கதை புனைந்த பாவத்துக்கு முராசாகி நரகில் துன்புறுகிறார் என்று பின்னாளில் ஒரு நம்பிக்கை பரவியது. கதையை நேசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர் கரையேற வேண்டும் என்று தாமரைச் சூத்திரத்தைப் படியெடுத்துப் படைத்தார்கள். ‘கெஞ்ஜி குயோ’ என்று அந்தச் சடங்குக்குப் பெயர்.

எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முராசாகியின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். தெய்காவுக்கும், பெயர் தெரியாமலே போன மற்ற எழுத்தர்களுக்கும் சேர்த்துத்தான்.