தொலைபேசியில் பேசக் கற்ற ஜெர்மன்

காலையில் கைப்பேசிச் செயலி என் ஜெர்மன் உச்சரிப்புக்குப் பச்சைக் குறியிட்டு, மிகச் சிறப்பு என்று பாராட்டியது. அன்றே குழந்தை மருத்துவரிடம் முன்பதிவு செய்ய அழைத்தபோது தானியங்கிக் குரல்தான் எடுத்தது. மகளின் பிறந்த தேதியைக் கேட்டது, சொன்னேன். புரியவில்லை என்றது. நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், பிறகு உரக்கச் சொன்னேன். அதே பதில்தான் வந்தது. காய்ச்சலோடு படுத்திருந்த மகள் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கி, மழலையர் பள்ளியில் பழகிய ஜெர்மனில் தன் பிறந்த நாளைச் சொன்னாள். இயந்திரம் உடனே நன்றி கூறி அடுத்த கேள்விக்குப் போயிற்று. அவளுடைய பெருமிதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது.

நான் குடியேறியுள்ள ஜெர்மனியில் மொழி கற்க வழியில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடியேறியவர்களுக்கான பொது ஒருங்கிணைப்புப் படிப்பில் 45 நிமிடப் பாடவேளைகள் 600 ஜெர்மன் மொழிக்கும், 100 நாட்டின் வரலாறு, சட்டம், சமூகம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. டாய்ச்ச வெல்லே ஒளிபரப்பு நிறுவனம் காணொளிப் பாடங்களை இலவசமாகவே தருகிறது. சொற்களைச் சேமித்து, மறக்கவிருக்கும் வேளையில் மீண்டும் கேட்கும் அட்டைச் செயலிகளுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவற்றின் அடிப்படையும் ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள் தந்ததுதான்: உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் தம் நினைவாற்றலையே சோதித்து மறதியின் வேகத்தை அளந்தார், எழுத்தாளர் லைட்னர் 1972இல் பெட்டிகளில் அட்டைகளை அடுக்கிப் படிக்கும் முறையைப் பரப்பினார். படிக்கவும் எழுதவும் நான் கற்றதில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததே.

பேச்சு மட்டும் வேறு கதை. ஒரே நாளில் இரண்டு இயந்திரங்கள் என் நாக்கைப் பற்றி நேர்மாறாகத் தீர்ப்பளித்தது ஏன் என்பதை நெடுநாள் யோசித்தேன். பயிற்சிச் செயலிக்கு நான் சொல்லப்போகும் வாக்கியம் முன்பே தெரியும். திரையில் காட்டிய வரியோடு என் ஒலியை ஒப்பிட்டு, ஓரளவு ஒத்துப்போனால் அது ஏற்றுக்கொள்கிறது. கற்பவர் சோர்ந்துவிடக் கூடாது என்ற பரிவும் அதில் இருக்கலாம். மருத்துவரின் தானியங்கிக்கு அப்படி ஒரு வரி கையில் இல்லை. அது என் வாயிலிருந்து வந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும். அதிலும் எண்கள்! நாம் நாற்பத்தேழு என்பதை இங்கே ஏழும் நாற்பதும் என்று தலைகீழாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் அந்த வரிசை எப்படியும் குலைந்துவிடுகிறது.

என் உண்மையான மனக்குறை இதற்கும் அடியில் இருக்கிறது. நான் பயன்படுத்திய செயலிகள் எதுவும் தமிழ் பேசுபவரின் காதை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. நெடிலும் குறிலும் ஜெர்மனில் பொருளை மாற்றும் என்றால் நமக்கு வியப்பில்லை. அதைப் பிறவியிலேயே அறிவோம். ஆனால் ஒரே 'க'வையும் ஒரே 'ப'வையும் இடத்துக்கேற்ப வலித்தும் மெலித்தும் ஒலித்து வளர்ந்த நமக்கு, சொல்லின் முதலிலேயே அந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் கடினம். செயலியோ எல்லோருக்கும் ஒரே பயிற்சியைத் தந்து, நமக்கு எளிதானதில் நேரத்தைச் செலவிட வைக்கிறது. நமக்கு வேண்டியதைத் தொடாமலே போகிறது. லோகன், லைவ்லி, பிசோனி என்ற ஆய்வாளர்கள் 1991இல், ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பல பேச்சாளர்களின் குரல்களைக் கொண்டு பயிற்சி தந்து முன்னேற்றம் கண்டார்கள். பல குரல்களில் பழகிய காது, முன்பின் கேளாத குரலையும் புரிந்துகொள்ளும் என்பதைத் தொடர்ந்த ஆய்வுகளும் காட்டின. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த இந்த முறை, என் செயலியின் ஒற்றைத் தூய குரலுக்குள் ஏன் இன்னும் வரவில்லை?

அதைச் செய்துகாட்டியவர் எங்கள் மாலை வகுப்பு ஆசிரியை. விலை உயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. தொலைபேசி எண்களையும் தேதிகளையும் ஒவ்வொருவரும் தம் குரலில் பதிந்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் கேட்டு எழுத வேண்டும். சிரியா, உக்ரைன், பிரேசில், எரித்ரியா என்று பல நாட்டு நாக்குகளின் ஜெர்மன் என் காதுக்குள் வந்தது. என் குரலைக் கேட்டுப் பிறர் எழுதியதைப் பார்த்தபோது, எந்த ஒலி எங்கே திரிந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தது. பச்சைக் குறி ஒருநாளும் சொல்லித் தராதது அது. "மனிதர் கேட்டு எழுதியது சரியாக இருந்தால் போதும், அதுவே மதிப்பெண்" என்பார் அவர். குடியேறியவர்களுக்கான தேர்வின் பேச்சுப் பகுதியிலும் இருவர் இருவராக அமர்ந்து பேசுவதால், இந்தப் பழக்கம் நேராகவே கைகொடுத்தது.

இப்போது தொலைபேசி மணி அடித்தால் தயங்குவதில்லை. அலுவலகம், பள்ளி, காப்பீட்டு நிறுவனம் எல்லாவற்றிடமும் நானே பேசுகிறேன், இந்த ஊரில் நிலைகொண்டுவிட்டேன் என்று சொல்லவும் துணிகிறேன். ஆனாலும் எதையாவது எண்ண வேண்டி வந்தால் உதடு தமிழுக்கே போகிறது. சிறுவயதில் வகுப்பு முழுவதும் ஒரே குரலாக வாய்ப்பாடு சொன்ன காலை நேரங்கள் அப்போது எழுந்து வருகின்றன. நேற்றைய பாடத்தையும் போன வாரப் பாடத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிக்க வைத்த ஆசிரியர், எந்த அட்டைப் பெட்டியும் இல்லாமலே மறதியின் கணக்கை அறிந்திருந்தார். அவர் முன்னால் நின்று ஒப்பித்த எதுவும் இன்றுவரை மறக்கவில்லை.

ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மோஸில்லா அமைப்பு 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில், யார் வேண்டுமானாலும் வாக்கியங்களைப் படித்துத் தம் குரலைக் கொடையாகத் தரலாம். வேறு தன்னார்வலர்கள் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பேச்சை அறியும் கருவிகளை உருவாக்குவோருக்கு அந்தத் தரவு திறந்தே கிடக்கிறது. அங்கே தமிழும் உண்டு, ஜெர்மனும் உண்டு. நான் இரண்டிலும் படிக்கிறேன். ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் இன்னும் பலர் ஜெர்மனில் படித்தால், நம் நாக்கின் 'ப'வும் 'க'வும் அந்தக் கருவிகளின் காதில் விழும். வகுப்பில் உடன் படித்த சிரியத் தோழியும் அண்மையில் சேர்ந்திருக்கிறார்.